ஹெட்செட் மைக் முதல் ஊட்டி தொலைநோக்கி வரை: ஃபெட் பெருக்கி எப்படி வேலை செய்கிறது?

பெங்களூரு ஜோகுபாளையத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடியிலிருந்து நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே தெருவில் தமிழும் கன்னடமும் கலந்து காய்கறி பேரம் நடக்கிறது. அந்தப் பக்கம் பழைய மெட்ராஸ் ரோட்டின் ஹார்ன் சத்தம். உங்கள் ஹெட்செட் ஒயரில் இருக்கும் மைக், இது அத்தனையையும் சேர்த்து ஒருசில மில்லிவோல்ட் அளவுக்கு மின்னழுத்தமாக மாற்றுகிறது. அதுவும் ரொம்ப நோஞ்சானான மில்லிவோல்ட். அதிலிருந்து யாராவது கொஞ்சம் கரண்ட் இழுத்தால் அப்படியே படுத்துவிடும்.

ஆனாலும் சென்னையில் இருக்கும் உங்கள் மேனேஜருக்கு உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது. மைக் பொத்தானுக்கு உள்ளேயே, அரிசி மணியைவிடச் சிறிய ஒரு டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அதற்குப் பெயர் ஃபெட். பாடநூல் தமிழில் புலவிளைவு டிரான்சிஸ்டர்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஃபெட், பெங்களூரிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் தள்ளி, ஊட்டி பக்கத்தில் முத்தோரை மலைச்சரிவில் இருக்கிறது. அங்கே ஒன்றிரண்டு அல்ல, 1056 ஆன்டெனாக்களுக்குப் பின்னால் 1056 பெருக்கிகள். அவை கேட்பது தெருச் சத்தத்தை அல்ல. கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் ரேடியோ அலைகளை.

இந்த இரண்டு இடத்திலும் ஃபெட் ஏன் ஆன்டெனாவுக்கும் மைக்குக்கும் ஒட்டியே வைக்கப்படுகிறது, கொஞ்சம் தள்ளி வசதியான இடத்தில் வைத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்பதுதான் இந்த விளக்கத்தின் மையக் கேள்வி. ஈசிஇ படித்தவர்களுக்குப் பாதி விஷயம் ஞாபகம் வரும். மற்றவர்களுக்குப் பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

பெருக்குவது என்றால் என்ன?

முதலில் ஒரு பொதுவான குழப்பம். பெருக்கி, சிக்னலை எடுத்து ஊதிப் பெரிதாக்குவதில்லை. உங்கள் குரலிலிருந்து வந்த அந்தச் சின்ன மின்னழுத்தம் பெருக்கியின் வாசலோடு நின்றுவிடுகிறது. வெளியே வரும் பெரிய சிக்னலின் ஆற்றல் முழுவதும் பேட்டரியிலிருந்தோ அடாப்டரிலிருந்தோ வருவது.

ஊர் ஏரியின் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகுப் பலகையை ஒருவர் கையால் கொஞ்சம் மேலே தூக்குகிறார், கீழே இறக்குகிறார். வாய்க்காலில் அதே தாளத்தில் தண்ணீர் கூடிக் குறைகிறது. தண்ணீரைத் தள்ளுவது அவர் கை பலம் இல்லை, ஏரியில் தேங்கி நிற்கும் நீர். கையசைவு சிறியது; நீரோட்டம் பெரியது; இரண்டின் வடிவமும் ஒன்று. பெருக்கம் என்பது அவ்ளோதான்.

ஃபெட்டுக்கு மூன்று கால்கள். சோர்ஸ், டிரெய்ன், கேட். (டிரெய்ன் என்றால் ரயில் இல்லை, வடிகால்.) சோர்ஸிலிருந்து டிரெய்னுக்கு எலெக்ட்ரான்கள் ஓடும் குறுகலான பாதைக்கு சேனல் என்று பெயர். கேட்தான் மதகு. மதகுப் பலகை தண்ணீருக்குள் இறங்கி அதைத் தடுக்கும். ஃபெட்டின் கேட் அப்படிச் செய்வதில்லை. அது சேனலுக்கு வெளியே நின்றபடி, தன் மின்புலத்தால் மட்டும் சேனலை அகலப்படுத்துகிறது அல்லது நெருக்குகிறது. பெயரில் உள்ள 'புலவிளைவு' இதுதான்.

இது எப்படி நடக்கிறது என்பது வகைக்கு வகை மாறும். ஜேஃபெட்டில் கேட்டும் சேனலும் எதிரெதிர் வகை சிலிக்கான். கேட்டுக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் எலெக்ட்ரான்கள் இல்லாத ஒரு வெற்றுப் பகுதி உருவாகி, சேனலுக்குள் புடைத்துக்கொண்டு வரும். வோல்டேஜ் கூடக்கூட சேனல் மெலியும். ஒரு கட்டத்தில் முழுக்க அடைபடும். மாஸ்ஃபெட்டில் கேட்டுக்கும் சேனலுக்கும் நடுவில் சிலிக்கான் டை ஆக்சைடு, அதாவது கண்ணாடி போன்ற மெல்லிய காப்புப் படலம் இருக்கிறது. கேட்டில் வோல்டேஜ் வைத்தால், படலத்துக்கு அந்தப் பக்கம் எலெக்ட்ரான்கள் வந்து கூடி, இல்லாத சேனல் உருவாகும். உங்கள் போனின் பிராசஸரில் கோடிக்கணக்கில் இருப்பது இந்த மாஸ்ஃபெட்தான். அங்கே அது ஸ்விட்ச். நாம் பேசிக்கொண்டிருப்பது பெருக்கி வேலையைப் பற்றி.

சாதாரண டிரான்சிஸ்டருக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், கேட் கிட்டத்தட்ட கரண்ட் எடுப்பதே இல்லை என்பது. சாதாரண டிரான்சிஸ்டர், அதாவது பிஜேடி, தன் பேஸ் காலில் கொஞ்சமாவது கரண்ட் வாங்கினால்தான் வேலை செய்யும். வாசல்காரருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டிய ஹோட்டல் மாதிரி. சிக்னல் வசதியானதாக இருந்தால் பிரச்சினை இல்லை. மைக் மாதிரி ஏழை சிக்னலிடம் அந்த டிப்ஸ்கூட இருக்காது.

மைக்குக்குள் ஒரு கணக்கு

நீங்கள் பார்க்கும் பெரும்பாலான ஒயர் மைக்குகள் எலெக்ட்ரெட் வகை. 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் உருவாக்கியது. நிரந்தரமாக மின்னூட்டம் ஏற்றப்பட்ட ஒரு பிளாஸ்டிக் படலம், அருகே ஓர் உலோகத் தட்டு. குரல் பட்டு இடைவெளி அதிரும்போது வோல்டேஜ் மாறும். மின்னியல் கண்ணில் இது ஒரு குட்டிக் கெபாசிட்டர், ஏறத்தாழ 10 பிகோஃபாரட்.

இவ்வளவு சின்ன கெபாசிட்டர் 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு, அதாவது ஒரு கனத்த ஆண்குரலுக்கு, எவ்வளவு தடையாகத் தெரியும்? கணக்குப் போட்டால் சுமார் 16 கோடி ஓம். இதை 3,000 ஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட ஒரு சாதாரண பிஜேடி பெருக்கியில் நேராக மாட்டினால், உங்கள் சிக்னலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் பெருக்கிக்குப் போய்ச் சேரும். மீதி எல்லாம் மைக்குக்குள்ளேயே கரைந்துவிடும். ஒயர் நீளமாக இருந்தாலும் இதே கதைதான். ஒரு மீட்டர் கேபிளின் சொந்தக் கெபாசிட்டன்ஸே மைக்கைவிடப் பெரியது.

ஆகவேதான் அந்த ஜேஃபெட்டைப் பொத்தானுக்குள்ளேயே அடைத்தார்கள். போனோ லேப்டாப்போ ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சுமார் 2 வோல்ட் அனுப்புகிறது. அதே ஒயரில் பெருக்கிய சிக்னல் திரும்பி வருகிறது. கேட், மைக் படலத்தைத் தொந்தரவு செய்யாமல் அதன் வோல்டேஜை 'எட்டிப் பார்க்கிறது'. ப்ளூடூத் இயர்பட்ஸில் இருப்பது சிலிக்கானிலேயே செதுக்கிய வேறு வகை மைக். ஆனால் அதன் வாசலிலும் நிற்பது ஃபெட் உள்ளீடு கொண்ட பெருக்கிதான்.

ஒரு பெருக்கியைக் கட்டிப் பார்ப்போமா?

தமிழ்நாட்டிலோ கர்நாடகாவிலோ இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு பிஎஃப்டபிள்யூ10 என்ற பெயர் ஞாபகம் இருக்கலாம். லேப்பில் ஒரு சின்ன உலோகத் தொப்பி மாதிரி கொடுப்பார்கள். வோல்டேஜைத் திருப்பித் திருப்பி, கரண்டை நோட்டில் எழுதி, கிராஃப் போட்டு, கையெழுத்து வாங்கிவிட்டு மறந்துபோன அதே ஜேஃபெட். அந்த கிராஃபுக்கு உண்மையில் ஓர் அர்த்தம் இருந்தது.

ஜேஃபெட்டைப் புரிந்துகொள்ள இரண்டு எண் போதும். கேட்டில் சுழி வோல்ட் இருக்கும்போது ஓடும் அதிகபட்சக் கரண்ட் ஒன்று. கரண்ட் முழுக்க நின்றுபோகும் கேட் வோல்டேஜ் இன்னொன்று. இதை அடைப்பு வோல்டேஜ் என்போம். இடையில் நடப்பது ஒரு வர்க்க விதி:

கரண்ட் = அதிகபட்சக் கரண்ட் × (1 − கேட் வோல்டேஜ் ÷ அடைப்பு வோல்டேஜ்)²

வசதிக்காக அதிகபட்சக் கரண்ட் 10 மில்லிஆம்பியர், அடைப்பு வோல்டேஜ் −4 வோல்ட் என்று ஒரு ஜேஃபெட்டை எடுத்துக்கொள்வோம். சப்ளை 12 வோல்ட். சிக்னல் மேலேயும் கீழேயும் ஆட இடம் வேண்டும், ஆகவே நடுவாந்திரமாக −2 வோல்ட்டில் கேட்டை நிறுத்தலாம். விதியில் போட்டால் கரண்ட் 2.5 மில்லிஆம்பியர்.

கேட்டுக்கு எதிர் வோல்டேஜ் தர தனியாக இன்னொரு பேட்டரி வேண்டுமா? வேண்டாம். சோர்ஸ் காலில் 800 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள் (கடையில் 820 கிடைக்கும், பரவாயில்லை). 2.5 மில்லிஆம்பியர் அதில் ஓடும்போது சோர்ஸ் 2 வோல்ட் உயரத்துக்குப் போய்விடும். கேட்டை ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரையோடு கட்டிவிட்டால், சோர்ஸைப் பொறுத்தவரை கேட் −2 வோல்ட். வேலை முடிந்தது. டிரெய்ன் பக்கம் 2,200 ஓம். அதில் 5.5 வோல்ட் விழும், டிரெய்ன் 6.5 வோல்ட்டில் நிற்கும்.

இப்போது கேட்டில் ஒரு வோல்ட் மாறினால் கரண்ட் எத்தனை மில்லிஆம்பியர் மாறும் என்பதுதான் ஃபெட்டின் பெருக்கும் சக்தி. இந்தப் புள்ளியில் அது வோல்ட்டுக்கு 2.5 மில்லிஆம்பியர். அதை டிரெய்ன் ரெசிஸ்டரால் பெருக்கினால் 5.5. அதாவது 10 மில்லிவோல்ட் உள்ளே போனால் 55 மில்லிவோல்ட் வெளியே வரும், தலைகீழாக: கேட் உயர்ந்தால் டிரெய்ன் இறங்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சோர்ஸ் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கெபாசிட்டர் வைத்து, மாறும் சிக்னலுக்கு மட்டும் குறுக்குவழி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெருக்கம் 1.8-க்கு வந்துவிடும்.

வெறும் ஐந்தரை மடங்கா என்று தோன்றுகிறதா? நியாயம்தான். இங்கே பிஜேடி ரொம்ப முன்னே நிற்கிறது. ஒரு மில்லிஆம்பியர் ஓட்டினாலே பிஜேடியின் இந்தச் சக்தி வோல்ட்டுக்கு 40 மில்லிஆம்பியர் அளவில் இருக்கும். ஃபெட்டின் பெருமை எண்ணிக்கையில் இல்லை, வாசலில் காட்டும் நாகரிகத்தில். அதனால்தான் நல்ல வடிவமைப்புகளில் முதல் படிக்கு ஃபெட், பின்னால் பெருக்கத்துக்கு பிஜேடி என்று இரண்டையும் சேர்த்து வைப்பார்கள்.

டேட்டாவோடு பழகுகிற எனக்கு இந்தச் சர்க்யூட்டில் ரொம்பப் பிடித்த இடம் வேறு. பிஎஃப்டபிள்யூ10-ன் தரவுத்தாளில் அதிகபட்சக் கரண்ட் '8 முதல் 20 மில்லிஆம்பியர்' என்றுதான் இருக்கும். ஒரே பெயர், ஒரே தொப்பி, ஆனால் இரண்டரை மடங்கு வித்தியாசம்! இது தயாரிப்புக் குறை என்று நினைக்காதீர்கள். ஜேஃபெட்டின் இயல்பே அது. அப்படியானால் நாம் போட்ட கணக்கு என்னாகும்? மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அதிகபட்சக் கரண்ட் 10-க்குப் பதில் 20 என்று வைத்து மறுபடி கணக்கிட்டால், சர்க்யூட்டில் ஓடும் கரண்ட் 2.5-லிருந்து சுமார் 3.05 மில்லிஆம்பியருக்குத்தான் உயர்கிறது. நூறு சதவீத மாற்றம் 22 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. கரண்ட் கூடினால் சோர்ஸ் ரெசிஸ்டரில் வோல்டேஜ் கூடும், அது கேட்டை இன்னும் எதிர்ப்பக்கம் தள்ளும், கரண்ட் குறையும். சில பைசா விலையுள்ள ஒரு ரெசிஸ்டர், ஆள் மாறினாலும் வேலை மாறாமல் பார்த்துக்கொள்கிறது.

34 வருடம் காத்திருந்த யோசனை

ஃபெட் பிஜேடிக்குப் பிறகு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். யோசனை என்று பார்த்தால் ஃபெட்தான் மூத்தது. ஜூலியஸ் எட்கர் லிலியன்ஃபெல்ட் 1926-ல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1930-ல் கிடைத்தது. காகிதத்தில் சரியாக இருந்தது. செய்து பார்த்தால் வேலை செய்யவில்லை. சிலிக்கானின் மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் மாட்டிக்கொண்டு, கேட்டின் மின்புலத்தை உள்ளே விடாமல் மறித்துவிட்டன. 1947-ல் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டனும் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் வேறு வகை டிரான்சிஸ்டர் ஒன்று கைக்கு வந்தது. ஷாக்லியோடு சேர்த்து மூவருக்கும் 1956-ல் நோபல். கடைசியில் அதே ஆய்வகத்தின் முகமது அட்டாலா, டாவோன் காங் இருவரும் மேற்பரப்பை ஆக்சைடு படலத்தால் சாந்தப்படுத்தி, 1960-ல் மாஸ்ஃபெட்டை அறிவித்தார்கள்.

அடுத்து ரேடியோ அலைவரிசைக்காக ஒரு கிளை பிரிந்தது. 1966-ல் கார்வர் மீட், சிலிக்கானுக்குப் பதில் காலியம் ஆர்சனைடில் ஃபெட் செய்து காட்டினார். அதில் எலெக்ட்ரான்கள் சிலிக்கானைவிட ஐந்தாறு மடங்கு சுலபமாக நகரும். இந்தக் கிளைதான் நம்மை ஊட்டிக்குக் கூட்டிப்போகிறது.

முத்தோரையில் 1056 பெருக்கிகள் எதற்கு?

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டியது. 1970-ல் வேலையைத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், நீளமான தொட்டியை மலைச்சரிவில் படுக்க வைத்த மாதிரி. சரிவு சும்மா கிடைத்தது இல்லை, தேடிப் பிடித்தது. அது ஊட்டியின் அட்சரேகையான சுமார் 11 டிகிரிக்கு ஏற்ப வடக்கு தெற்காகச் சரிந்திருக்கிறது. ஆகவே தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே திசையில் சுழற்றினாலே ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

இது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை. தொட்டியில் பட்டுத் திரும்பும் அலைகள் குவியும் கோட்டில், அரை மீட்டருக்கு ஒன்று வீதம் 1056 டைபோல் ஆன்டெனாக்கள். 48 டைபோல் சேர்ந்தது ஒரு தொகுதி. மொத்தம் 22 தொகுதிகள்.

வரும் சிக்னல் எவ்வளவு பலவீனம் தெரியுமா? வானியலாளர்களின் அலகு ஜான்ஸ்கி. ஒரு ஜான்ஸ்கி வலிமையுள்ள ஒரு ரேடியோ மூலத்திலிருந்து, 4 மெகாஹெர்ட்ஸ் அகலப் பட்டையில், இந்த 15,900 சதுர மீட்டர் பரப்பில் விழும் ஆற்றல் முழுவதையும் ஒரு துளி சிந்தாமல் சேர்த்தால்கூட எவ்வளவு வரும்? ஒரு வாட்டைக் கோடியால் வகுங்கள். வந்ததை மறுபடி கோடியால் வகுங்கள். அதில் பதினாறில் ஒரு பங்கு.

இங்கே எதிரி இரைச்சல். அறை வெப்பத்தில் இருக்கும் எந்த ஒயரும், எந்த ரெசிஸ்டரும், வெறுமனே இருப்பதாலேயே இரைச்சல் போடும். எலெக்ட்ரான்களின் வெப்ப ஆட்டம் அது. ரேடியோ பொறியாளர்கள் இதை வெப்பநிலையாகவே, கெல்வினில் சொல்வார்கள். ஊட்டி தொலைநோக்கியின் மொத்த இரைச்சல் சுமார் 150 கெல்வின் என்று எடுத்துக்கொண்டால், நம் ஒரு ஜான்ஸ்கி சிக்னலைவிட அது பதின்மூன்று மடங்கு பெரியது. சந்தைக்கடைக் கூச்சலில் பக்கத்து ஊரில் பேசுவதைக் கேட்கிற மாதிரி. நிறைய நேரம் கேட்டு, சராசரி எடுத்து எடுத்துத்தான் சிக்னலைப் பிரிக்க முடியும்.

இப்போது மையக் கேள்விக்கு வருவோம். பெருக்கியை எங்கே வைப்பது? இது ஊட்டியின் அளவீடு அல்ல, புரிவதற்கான மாதிரிக் கணக்கு. உங்களிடம் ஒரு நல்ல பெருக்கி: சிக்னலை 100 மடங்காக்கும், தன் பங்குக்கு 50 கெல்வின் இரைச்சல் சேர்க்கும். கூடவே ஒரு கேபிள்: அதில் போகும் சிக்னலில் பாதி கரைந்துவிடும், அதாவது 3 டெசிபெல் இழப்பு. அறை வெப்பம் 300 கெல்வின்.

ஆன்டெனா, கேபிள், பிறகு பெருக்கி என்ற வரிசையில் மாட்டினால், கேபிளின் பங்கு 300 கெல்வின். சிக்னல் பாதியானதால் பெருக்கியின் 50, நடைமுறையில் 100 ஆகத் தெரியும். மொத்தம் 400 கெல்வின். அதே பொருள்களை ஆன்டெனா, பெருக்கி, பிறகு கேபிள் என்று மாற்றி மாட்டுங்கள். பெருக்கியின் பங்கு 50. கேபிளின் 300 கெல்வின், சிக்னல் ஏற்கெனவே 100 மடங்கு வளர்ந்துவிட்டதால் வெறும் 3 ஆகச் சுருங்கிவிடும். மொத்தம் 53.

எந்தப் பொருளையும் மாற்றவில்லை. வரிசையை மட்டும் மாற்றினோம். 400 என்பது 53 ஆனது.

வானிலிருந்தே வரும் இரைச்சலை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சராசரி எடுக்கத் தேவைப்படும் நேரம் இரைச்சலின் வர்க்கத்தில் கூடும். 53 கெல்வினில் ஒரு மணி நேரத்தில் முடிகிற அவதானிப்புக்கு 400 கெல்வினில் 57 மணி நேரம் வேண்டும். முதல் பெருக்கிக்கு முன்னால் தொலைந்ததை, பின்னால் எத்தனை பெருக்கி அடுக்கினாலும் மீட்க முடியாது. அவை சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

ஊட்டியின் பழைய அமைப்பில், பல டைபோல்களின் சிக்னல் ஒயர்களையும் ஃபேஸ் ஷிஃப்டர்களையும் கடந்து ஒன்று சேர்ந்த பிறகுதான் பெருக்கியைச் சந்தித்தது. 1990-களின் தொடக்கத்தில் இந்த வரிசை மாற்றப்பட்டது. ஒவ்வொரு டைபோலுக்கும் பின்னாலேயே காலியம் ஆர்சனைடு ஃபெட் கொண்ட ஓர் இரைச்சல் குறைந்த பெருக்கி. செல்வநாயகம், பிரவீன்குமார், நந்தகோபால், வேலுசாமி ஆகிய நால்வர் 1993-ல் இதைப் பற்றி எழுதிய தொழில்நுட்பக் கட்டுரையின் தலைப்பிலேயே '1056 டைபோல்கள், 1056 பெருக்கிகள்' என்ற எண்ணிக்கை இடம்பெற்றிருக்கிறது. தொட்டி அதேதான், மலையும் அதேதான். கேட்கும் திறன் பல மடங்கு கூடியது.

ஒரு நுணுக்கம். மைக்கில் ஃபெட்டைத் தேர்ந்தெடுத்ததற்கும் ஊட்டியில் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் முழுக்க ஒன்றல்ல. 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்டின் சொந்தக் கெபாசிட்டன்ஸ் வழியாகவே கரண்ட் போய்வரும். 'கேட் எதையும் வாங்காது' என்பது அங்கே பொருந்தாது. ஆன்டெனாவுக்கும் கேட்டுக்கும் நடுவில் கவனமாக ஒரு பொருத்தும் சர்க்யூட் போட வேண்டும். அங்கே ஃபெட் ஜெயிப்பது இரைச்சலில். பிஜேடியில் பேஸ் கரண்ட் துளித்துளியாகப் பாய்வதே ஒரு சலசலப்பு. ஃபெட்டில் அந்தச் சலசலப்பு அநேகமாக இல்லை, எலெக்ட்ரான்களும் வேகமானவை.

இன்னும் இரைச்சலைக் குறைக்க வேண்டுமென்றால் பெருக்கியையே உறைய வைக்கலாம். 1980-ல் ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனத்தில் தகாஷி மிமுரா அறிமுகப்படுத்திய ஹெம்ட் என்ற மேம்பட்ட ஃபெட்டை, 1985-ல் அங்குள்ள நோபெயாமா தொலைநோக்கியில் கடுங்குளிரூட்டி மாட்டினார்கள். 1056 பெருக்கிகளுக்கு அப்படிச் செய்வது நடக்கிற காரியமா? மின்சாரக் கட்டணமே போதும். புணே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களோடு நிற்கும் ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியும் குளிரூட்டாத பெருக்கிகளைத்தான் நம்பியிருக்கிறது. அதன் 1000 முதல் 1450 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கான ரிசீவர் முனைகளைச் செய்துகொடுத்தது பெங்களூரு சதாசிவநகரில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிறுவனம். ஜோகுபாளையத்திலிருந்து டிராஃபிக் இல்லாத நாளில் அரைமணிப் பயணம். டிராஃபிக் இல்லாத நாள் எது என்று கேட்காதீர்கள்.

ஸ்பீக்கர் பக்கம்

இதுவரை பார்த்தது உள்ளே வரும் வாசல். வெளியே போகும் வாசலிலும், அதாவது ஸ்பீக்கரை அதிர வைக்கும் இடத்திலும், ஃபெட் உண்டு. அங்கே ஆம்பியர் கணக்கில் கரண்ட் ஓட்டும் பவர் மாஸ்ஃபெட்கள். கோயில் திருவிழா ஸ்பீக்கர் செட்டுக்குப் பின்னால் ஹீட் சிங்க்கில் வரிசையாகத் திருகி வைத்திருப்பது அநேகமாக இவையாக இருக்கும்.

கடைகளில் 'மாஸ்ஃபெட் ஆம்ப் எரியவே எரியாது' என்று சொல்வார்கள். பாதி உண்மை. பிஜேடி சூடானால் இன்னும் அதிகக் கரண்ட் ஓட்டும், அதனால் இன்னும் சூடாகும், கடைசியில் செத்துப்போகும். மாஸ்ஃபெட் அதிகக் கரண்டில் இதற்கு நேர்மாறு: சூடானால் தானே அடங்கும். ஆனால் ஸ்விட்ச் வேலைக்கென்று செய்த மாஸ்ஃபெட்கள் குறைந்த கரண்டில் பிஜேடி மாதிரியேதான் நடந்துகொள்ளும். ஆடியோவுக்கென்றே தனி ரக மாஸ்ஃபெட்கள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் ப்ளூடூத் ஸ்பீக்கரில் இந்தச் சங்கடம் இல்லை. அது கிளாஸ் டி வகை. மாஸ்ஃபெட்டை நொடிக்குச் சில லட்சம் முறை முழுக்கத் திறந்து முழுக்க மூடி, திறந்திருக்கும் நேரத்தின் அளவில் இசையை எழுதுகிறது. பாதி திறந்த மதகில்தான் ஆற்றல் வெப்பமாக வீணாகும். இங்கே பாதித் திறப்பே கிடையாது. அதனால்தான் உள்ளங்கை அளவு டப்பா, பேட்டரியிலேயே மணிக்கணக்கில் பாடுகிறது. செல்போன் டவர்களின் வெளியீட்டுப் பெருக்கிகள் தனி உலகம். அங்கே காலியம் நைட்ரைடு ஃபெட்கள் இடம்பிடித்து வருகின்றன. பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் அந்த ஆராய்ச்சி நடக்கிறது.

வாங்கப் போகிறீர்களா?

ஹலசூரு மெட்ரோ ஸ்டேஷனில் பர்ப்பிள் லைன் ஏறி, மெஜஸ்டிக்கில் கிரீன் லைன் மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் எஸ்பி ரோடு, அதாவது சதர் பத்ரப்பா ரோடு பக்கம். எலெக்ட்ரானிக்ஸ் உதிரி பாகங்களுக்குப் பெங்களூரின் ரிச்சி ஸ்ட்ரீட் அது.

இரண்டு விஷயம் கவனம். மாஸ்ஃபெட்டின் கேட் படலம் மெல்லியது. சாதாரண பவர் மாஸ்ஃபெட் கேட்டில் 20 வோல்ட்தான் தாங்கும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழும்போது உங்கள் உடம்பில் ஏறும் நிலைமின்சாரம் ஆயிரக்கணக்கான வோல்ட். கறுப்பு ஃபோமில் குத்தித் தருவது அழகுக்காக இல்லை. காலைத் தொடும் முன், தரையிணைப்புள்ள ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஆடியோ பிரியர்கள் தேடும் பழைய ஜேஃபெட்கள் பலவற்றின் தயாரிப்பு நின்றுவிட்டது. தோஷிபாவின் 2எஸ்கே170 அப்படி ஒன்று. அந்தப் பெயரை அச்சடித்த போலிகள் உலகம் முழுக்க உலவுகின்றன. எழுத்தைப் பார்த்து நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். சிக்னல் வகை ஜேஃபெட் என்றால் ரொம்ப சுலபம்: கேட்டையும் சோர்ஸையும் ஒன்றாக இணைத்து 9 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையில் கொடுங்கள். நேர்முனைக்கும் டிரெய்னுக்கும் நடுவில், மில்லிஆம்பியர் ரேஞ்சில் வைத்த மல்டிமீட்டரை மாட்டுங்கள். மீட்டர் காட்டுவதுதான் நாம் மேலே பார்த்த அதிகபட்சக் கரண்ட். பிஎஃப்டபிள்யூ10 என்று வாங்கியது 8-க்கும் 20-க்கும் நடுவில் எதைக் காட்டினாலும் தரவுத்தாளின் எல்லைக்குள் இருக்கிறது. 2 மில்லிஆம்பியர் காட்டினால், பில்லோடு கடைக்குத் திரும்பிப் போகலாம்.